வாழாவெட்டிச் சேலை

ஊர் என்னை எப்படிக் கூப்பிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழாவெட்டி. கட்டியவனோடு வாழாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டவளுக்கு ஊர் வைத்திருக்கும் பேர் அது. சொல்லியாயிற்று, இனி நீங்கள் யாரும் சங்கடப்பட்டுக் குரலைத் தாழ்த்த வேண்டாம். அந்தக் காலத்தில் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தியவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை வேளையில் புளியங்குடியில் பஸ் ஏறி, காலடியில் டிரங்குப் பெட்டியை வைத்துக்கொண்டு, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். புளியங்குடியில் என்னைக் கட்டியவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. என்னைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்த பிறகும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். எதற்காகப் பொறுக்கிறோம் என்று ஒரு நாள் பல் தேய்க்கும்போது தோன்றியது. வாயைக் கொப்பளித்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். அழவெல்லாம் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததில் சந்தோஷம்தான்.

வீட்டில் அம்மாவும் தங்கையும். தங்கை அப்போது பள்ளிக்கூடத்துப் பாவாடை தாவணியில் இருந்தாள். அப்பா நான் வந்த மறு வருஷம் போய்ச் சேர்ந்தார். வீட்டை ஒட்டிய ஓட்டு ஷெட்டில் நாலு பவர்லூம் தறிகள் இருந்தன. அவர் போன பிறகு அவற்றை விற்றுவிடலாம் என்று உறவுக்காரர்கள் வரிசையாக வந்து யோசனை சொன்னார்கள். நான் போய்த் தறிக்கு எண்ணெய் விட்டேன்.

அம்மா அந்தச் சொல்லை வாயில் எடுத்ததே இல்லை. யாராவது அவள் முன்னால் சொன்னால் அவர்கள் பரம்பரையையே இழுத்து ஏசுவாள். "மூத்தவ எங்க?" என்று யாராவது கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான்: "வந்திருக்கா."

அவள் கணக்குப்படி, அந்த வருஷம் நான் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்திருந்தேன். தபசுக் காட்சி முடிந்து, கோயில் முன்னால் போட்டிருந்த வளையல் கடைகளையெல்லாம் பிரித்துக்கொண்டு போன பிறகு தீபாவளிக்கு வந்திருந்தேன். அப்புறம் பொங்கலுக்கு. சொல்லிக்கொள்ள ஒரு விசேஷமும் இல்லாத மாதங்களில் ஒடம்புக்குச் சரியில்லாமல் வந்திருந்தேன். எனக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. அப்பா போனபின் அந்தத் துக்கமே காரணமாகக் கொஞ்ச நாள் ஓடியது. அதுவும் பழசான பிறகு அம்மா காரணம் சொல்வதை விட்டுவிட்டாள். வெறுமனே, "வந்திருக்கா".

சாயங்காலம் பூக்காரி வருவாள். எங்கள் ஊர்ப் பூச்சந்தையிலிருந்து பிச்சிப்பூ வாங்கிக் கட்டி, தெருத்தெருவாகக் கூடையில் கொண்டு வருகிற சின்ன வயசுக்காரி. அம்மா தினமும் அவளிடம் ஒரே வசனத்தைச் சொல்லுவாள்: "ஒரு முழம் கூடப் போடு தாயி, மூத்தவ வந்திருக்கா." பூக்காரி தினமும் அதைப் புதுசாகக் கேட்பதுபோல் தலையாட்டிவிட்டு அளப்பாள். உள்ளே தறியில் நின்றபடி நான் அதைக் கேட்பேன். விருந்தாளிக்கு வாங்குகிற பூ. எத்தனை வருஷம் ஒருத்தி தன் சொந்த வீட்டில் விருந்தாளியாக இருக்க முடியும்? ஊர் என்னைச் சொன்ன சொல்லைவிட அம்மா சொன்ன இந்தச் சொல்தான் எனக்கு வலித்தது. அவள் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவள் வாயால் யாரிடமாவது ஒரு தடவை சொல்ல வேண்டும்.

அதே பூக்காரி என்னை என்ன சொல்லுவாள் தெரியுமா? அம்மா இல்லாத நேரம் பார்த்து வாசலில் நின்று, "வாழாவெட்டி அக்கா இருக்காகளா? இன்னைக்குப் பிச்சி நல்லா மொட்டா இருக்கு!" என்று குரல் கொடுப்பாள். தெருவில் அவளுக்கு நிறைய அக்காமார். டெய்லர் வீட்டு அக்கா, வாத்தியார் வீட்டு அக்கா, வாழாவெட்டி அக்கா. அவளுக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுள்ளென்று ஏறியது. வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பூவைத் தவிர வேறொன்றும் இல்லை. நானும் ஒரு முழம் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். போன பிறகுதான் யோசித்தேன், ஏன் எனக்கு அந்தக் கோபம் நிலைக்கவில்லை என்று.

ஏனென்றால் அதே வாரம்தான் குழாயடியில் அந்தச் சொல்லை வேறு மாதிரி கேட்டிருந்தேன். எதிர்வீட்டு மதினி ஒருத்தி. நான் குடத்தை வைத்ததும், பக்கத்தில் நின்றவளிடம் திரும்பி, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "காலங்காத்தால வாழாவெட்டி மூஞ்சியில முழிச்சாச்சு, இன்னைக்கு வெளங்குனாப்லதான்" என்றாள். என் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நான் அதைக்கூடக் கவனிக்காமல் நின்றேன். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஒரே சொல். எழுத்து மாறவில்லை. ஒருத்தி சொன்னால் பூ வாங்குகிறேன், இன்னொருத்தி சொன்னால் சோறு இறங்கவில்லை. இது என்ன கூத்து என்று எனக்குள் ஒரு குடைச்சல் ஆரம்பித்தது. அன்றிலிருந்து யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் கோபப்படுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்பதென்று வைத்துக்கொண்டேன். எங்கே இழுக்கிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள், சொல்லும்போது கண் எங்கே போகிறது என்று பார்ப்பேன். கோயில் வாசலில் ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவி, "ஐயோ, வாழாவெட்டியா போயிட்டியே தாயி" என்று கண்ணீர் விட்டாள். அவள் மனசில் வஞ்சகம் ஒரு பொட்டு கிடையாது. ஆனாலும் அவள் கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. பரிதாபத்துக்கும் ஒரு முள் உண்டு என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

இன்னொரு குடைச்சலும் இருந்தது. நான் அவனோடு வாழவில்லை, சரி, எனக்கு ஒரு பேர். அவனும்தானே என்னோடு வாழவில்லை? அவனுக்கு என்ன பேர்? எங்கள் தறியில் அப்பா காலத்திலிருந்து நெய்துவந்த அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். தறி ஓடுகிற சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. கிட்டே போய்க் கத்தினேன்.

"அண்ணாச்சி! பொண்டாட்டியோட வாழாத ஆம்பளைக்கு என்ன பேரு?"

அவர் அறுந்துபோன இழையை முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், இழையைப் பார்த்தார். "அதுக்கு என்னத்துக்குப் பேரு?" என்றார். சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டுக் கை கழுவும்போது அவராகவே வந்து, "நானும் யோசிச்சுப் பாத்துட்டேன் தாயி. அப்படி ஒண்ணு இல்லையே" என்றார். நிஜமாகவே பகல் முழுக்க அதையே யோசித்திருக்கிறார் மனுஷன். நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது.

இந்த அண்ணாச்சிதான் பிறகு என் பேரை ஊரெல்லாம் பரப்பிவிட்டார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர்த் தறிக்காரர்கள் பேசுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். நாலு தறி ஓடுகிற ஷெட்டில் பக்கத்தில் நிற்பவனிடம் தண்ணீர் கேட்கக்கூடக் கத்தித்தான் ஆக வேண்டும். வருஷக்கணக்கில் அப்படிக் கத்தியே பழகிய தொண்டை. கல்யாண வீட்டில் ரகசியம் பேசினாலும் அடுத்த பந்திக்குக் கேட்கும். அதிலும் கரண்டு போனால் வேடிக்கைதான். தறி டக்கென்று நின்றுவிடும், பேசிக்கொண்டிருந்தவன் நிற்க மாட்டான். பாதி வார்த்தையைத் தறிச் சத்தத்துக்கும் மீதி வார்த்தையைத் தெருவுக்கும் சொல்லி முடிப்பான். இப்படிக் கரண்டு போய் வெளிப்பட்ட குடும்ப ரகசியங்கள் எங்கள் தெருவில் ஏராளம்.

அன்றைக்குச் சாயநூல் பற்றாமல் போய்விட்டது. சேலைக்கு இரண்டு ஓரத்திலும் கரை வேண்டும். பாவு, அதுதான் தறியில் நீளவாக்கில் ஓட்டுகிற நூல், அதில் இரண்டு பக்கமும் கரைக்கென்று நிறம் போட்ட இழைகளை வைப்பார்கள். மெரூன் நூல் ஒரு பக்கத்துக்குத்தான் இருந்தது. சாயக்காரரிடம் ஆள் அனுப்பினால் இன்னும் ஈரம் காயவில்லை என்று பதில் வந்தது. தறி சும்மா கிடந்தால் எனக்குப் பொறுக்காது. "ஒரு பக்கம் மட்டும் கரை போதும், பாவை ஓட்டுங்க" என்றேன். அண்ணாச்சிக்கு மனசே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். தறியில் துணி இறங்க இறங்க, சந்தன நிறச் சேலை, கீழே ஒரே ஒரு மெரூன் கரை. மேல் ஓரம் மொட்டையாக இருந்தது.

அடுத்த தறிக்காரனைப் பார்த்து அண்ணாச்சி கத்தினார்: "ஏலே, இங்க பாருலே! ஒரு பக்கம் கரை, ஒரு பக்கம் ஒண்ணுமில்ல! இது என்ன சேலை தெரியுமா?" அந்த நொடியில் கரண்டு போனது. "வாழாவெட்டிச் சேலைலே!"

நாலு தறியும் நின்று போன அமைதியில் அந்தச் சொல் ஷெட்டின் ஓட்டில் மோதி, தெருவுக்குப் போய், குழாயடி வரைக்கும் போனது. நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அண்ணாச்சி நாக்கைக் கடித்துக்கொண்டார். "தாயி, நான் ஒன்னய..." என்று ஆரம்பித்தார்.

பழக்கப்படி ஒரு நிமிஷம் காதைக் கொடுத்தேன். அந்த மனுஷன் குரலில் என்ன இருந்தது? என்னை நினைத்துச் சொல்லவில்லை. சேலையைப் பார்த்தார், வாயில் வந்தது, சொன்னார். எனக்குச் சேலையைப் பார்க்கத் தோன்றியது. கிட்டே போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கக் கரையோடு அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க, இன்னொரு பக்கமும் கரை இருந்தால் கொஞ்சம் அதிகம் என்றுகூடத் தோன்றியது.

"சரியாத்தான் சொல்லுதிய அண்ணாச்சி. அந்தப் பேரே இருக்கட்டும்" என்றேன்.

"விளையாடாத தாயி."

"நான் விளையாடல. வாழாவெட்டிச் சேலை. கரண்டு வந்ததும் நெய்யுங்க."

எங்கள் தொழிலில் சேலைக்குப் பேர் வைப்பது சின்ன விஷயமில்லை. புது மாதிரி ஒன்று தறியிலிருந்து இறங்கினால் அதற்குக் கூப்பிட ஒரு பேர் வேண்டும். பேர் இல்லாத சேலையைக் கடைக்காரன் எப்படிக் கேட்பான்? மயில் கழுத்து, வெங்காயத் தோல், மிளகாய்க் கட்டம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வைப்பார்கள். பேர் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் வைத்தவனே நினைத்தாலும் மாற்ற முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

கடையநல்லூரிலிருந்து ஒரு பாய் வந்து எங்களிடம் சேலை எடுப்பார். ஒத்தைக்கரையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாருக்கேம்மா. இதுக்கு என்ன பேரு?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். நான் சொன்னேன். பாய் சேலையைப் பட்டென்று கீழே வைத்துவிட்டார்.

"அல்லாவே! என்னம்மா பேரு இது? இந்தப் பேரைச் சொல்லி யாரு வாங்குவா?"

"வாங்காட்டா திருப்பிக் கொண்டு வாங்க பாய். பேரை மட்டும் மாத்தாதீங்க."

நல்ல மனுஷன், வாதாடவில்லை. கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த தடவை வந்தபோது ஷெட்டுக்குள் நுழையும் முன்பே கத்திக்கொண்டு வந்தார்: "வாழாவெட்டி இருக்கா? எத்தனை இருந்தாலும் எடுத்துப் போடுங்கம்மா!" அவர் ஊரில் நிறைய வீட்டில் ஆண்கள் சவுதி, துபாய் என்று போயிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். அந்த வீட்டுப் பெண்கள் சேலையின் பேரைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "மாப்ள அங்க, நாங்க இங்க. எங்களுக்குன்னே நெய்து கொண்டாந்திட்டியளா பாய்?" என்று கேட்டு ஆளுக்கொன்று எடுத்தார்களாம். பாய் அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்கள்மேல் எனக்கு அன்று ரொம்பப் பிரியமாக இருந்தது.

அப்புறம் பேர் தன் பாட்டுக்கு நடந்து போனது. ஜவுளிக்கடையில், சந்தையில், பஸ்ஸில் மூட்டை ஏற்றும்போது, "வாழாவெட்டி ரெண்டு மூட்டை மேல ஏத்து" என்று கேட்கும். சொல்கிறவனுக்கு என்னைத் தெரியாது, அந்தச் சொல்லின் கனமும் தெரியாது. மூட்டையின் கனம்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நின்று அதைக் கேட்டு நான் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் எல்லோருக்கும் அது அப்படிக் கழன்று விழவில்லை. எங்கள் ஷெட்டில் நூல் சுற்ற ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவளும் கட்டியவனை விட்டு வந்தவள்தான், வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. பாய் வழக்கம்போல் பேரைச் சொல்லிக் கத்தியபடி நுழைந்தபோது அவள் கையிலிருந்த நூல் அறுந்தது. பாயைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு இருக்கும்போது ஒத்தைக்கரைன்னு கேளுங்க பாய்" என்றேன். அவர் அதோடு சரியாக நடந்துகொண்டார். நான் என் கையால் எடுத்து வைத்துக்கொண்ட பேர் அது. அவள்மேல் அதை யாரோ எறிந்திருந்தார்கள். அவளாக எடுக்கிற வரைக்கும் அது வெறும் கல்தான்.

எதிர்வீட்டு மதினியைச் சொல்லாவிட்டால் கதை நிறையாது. ஒரு நாள் அவளே ஷெட் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு, "அந்தச் சேலை ஒண்ணு வேணும்" என்றாள்.

"எந்தச் சேலை மதினி?"

"அதான்... ஒரு பக்கம் கரை வச்சது."

"ஒரு பக்கம் கரையா? அப்படி இங்க பல மாதிரி இருக்கே. பேரைச் சொல்லுங்க மதினி."

பல மாதிரியெல்லாம் இல்லை, ஒன்றுதான். சும்மா சீண்டினேன். அவளுக்கு வாய் வரவில்லை. ஊரில் எல்லோரும் கத்திரிக்காய் கேட்பதுபோல் அந்தப் பேரைச் சொல்லிச் சேலை கேட்கிறார்கள். இவள் ஒருத்தியால் மட்டும் முடியவில்லை. காரணம் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மற்றவர்கள் வாயில் அது சேலை. இவள் அந்தச் சொல்லில் என்ன வைத்து எறிந்தாள் என்பது இவளுக்கு மறக்கவில்லை. தன் சொல்லுக்குத் தானே பயந்து நின்றாள். பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது, கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்! நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். குழாயடியில் அதற்குப் பிறகு அவள் தன் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விடுவாள்.

ஊரில் அந்தச் சொல் இவ்வளவு தூரம் போய்வந்த பிறகும் வீட்டுக்குள் ஒன்றும் மாறவில்லை. சேலையின் பேர் தெரிந்த அன்று அம்மா என்னோடு பேசவே இல்லை. "ஊரு சொல்லுதது பத்தாதுன்னு நீயே சொல்லிக்கிடுதியாட்டி" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மட்டும் ஒரு வார்த்தை. தறி ஓடுகிறது, நான்தான் ஓட்டுகிறேன், என் சேலையை ஊரே உடுத்துகிறது. சாயங்காலம் பூக்காரி வந்தால், "ஒரு முழம் கூடப் போடு தாயி, மூத்தவ வந்திருக்கா."

எண்பதுகளின் ஆரம்பத்தில் தங்கைக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம், நல்ல குடும்பம், பையனுக்கு ஆபீஸ் வேலை. அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அம்மா என்னிடம் நேராகப் பேசாமல் அடுக்களையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் வெளிய வரக்கூடாது, அதான?"

"வரக்கூடாதுன்னு நான் சொல்லல. வந்தா கேப்பாக. கேட்டா என்னத்தச் சொல்ல?"

"வாழாவெட்டின்னு சொல்லு."

அம்மா தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். "எஞ்சாமி, என் வாயால அது வராதுட்டி!"

"அப்ப வந்திருக்கான்னு சொல்லுவ. ஏம்மா, இத்தன வருசமா நான் எங்கம்மா வந்திருக்கேன்? எப்பம்மா போவேன்? நீ வேற எதை வேணும்னாலும் சொல்லு. வந்திருக்கான்னு மட்டும் இன்னொரு தடவை சொல்லாத. அத என்னால தாங்க முடியல."

அதுவரைக்கும் நான் அவளிடம் இதைச் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு அழுதேன். பஸ்ஸில் வராத அழுகையெல்லாம் அன்று வந்தது. அம்மா துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். தங்கை நடுவில் வந்து, "அக்கா இல்லாம எனக்கு ஒரு மாப்பிள்ளையும் வேண்டாம்" என்றாள். "நீ சும்மா கெட" என்று இரண்டு பேருமே அவளை அதட்டினோம். அவள் வாழ்க்கையை என் ரோஷத்துக்கு அடகு வைக்க எனக்கும் மனசில்லை. கடைசியில் நான் அடுக்களையில் பஜ்ஜி போடுவது, கூப்பிட்டால் ஒழிய வெளியே வருவதில்லை என்று முடிவானது. கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் விருந்தாளிகளுக்காகத் தறியை நிறுத்தியிருந்தோம். வீடு அமைதியாக இருந்ததே எனக்கு விசித்திரமாக இருந்தது. அடுக்களைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பையன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா. சந்தன நிறச் சேலை. ஒரு பக்கம் மெரூன் கரை.

கையில் கரண்டியோடு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தேன்.

தங்கை காபி கொடுத்தாள். அந்த அம்மா காபியை ஆற்றிக்கொண்டே, "இந்தச் சேலை ஒங்க தறியில நெய்ததுதானாமே? வாழாவெட்டின்னு பேரு சொல்லிக் கேட்டாத்தான் கடையில எடுத்துப் போடுதாக. தொவைக்கத் தொவைக்க நல்லாருக்கு" என்றாள். அப்புறம் அவள் அடுத்த வாய் காபியைக் குடித்துவிட்டுக் கேட்டாள்: "ஒங்களுக்கு ஒரு மூத்த பொண்ணு உண்டுல்லா? எங்க காணும்?"

அடுப்பைத் தணித்தேன். அம்மா இப்போது சொல்லுவாள். வந்திருக்கா, உள்ள இருக்கா, சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். எனக்கு அந்தக் குரல் மனப்பாடம்.

"மூத்தவளா?" என்றாள் அம்மா. "மூத்தவ வரல."

என்னை இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டாளே என்று நினைத்தேன்.

"அவ எங்கருந்தும் வரல. அவ இங்கனதான் இருக்கா!" அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. தறி ஓடவில்லை என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது. நாலு தறியையும் தாண்டிக் கேட்க வேண்டியதுபோல் கத்தினாள். "நீங்க உடுத்தியிருக்கியளே, வாழாவெட்டி, அது எம்மவதான்! ஊரு அவளுக்கு வச்ச பேரு அது. அத எடுத்து அவ சேலைக்கு வச்சா. இந்த வீடும் தறியும் அவ கையிலதான் ஓடுது. சம்பந்தம் பேசுததுன்னா அவளையும் உக்கார வச்சுத்தான் பேசணும்!"

தெருவில் குழாயடிச் சத்தம் நின்றுபோனது. அந்தச் சொல்லை எத்தனையோ குரலில் கேட்டவள் நான். அம்மா குரலில் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியாரிடம் என் பேரைச் சொன்னபோது அவள் குரல் இப்படித்தான் இருந்தது.

பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அதுக்கு ஏன் இப்படிக் கத்துதிய? எனக்குக் காது நல்லாக் கேக்கும். வரச் சொல்லுங்க, ஒரு பக்கம் மட்டும் ஏன் கரை வச்சான்னு கேக்கணும்."

கையில் கரண்டியோடேயே வெளியே வந்தேன். அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "நூல் பத்தல, அதான்" என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பையனும் தலையைத் தூக்கிச் சிரித்தான்.

அவள் எல்லாம் தெரிந்துதான் அந்தச் சேலையை உடுத்தி வந்தாளா, இல்லை தற்செயலா? எனக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணம் ஆன பிறகு தங்கையை விட்டுக் கேட்கச் சொன்னேன். "கேட்டேன்க்கா. 'பீரோவுல மேல இருந்துச்சு, எடுத்துக் கட்டுனேன்'ங்காக. ஆனா சொல்லும்போது சிரிக்காக" என்றாள். நானும் அந்தச் சிரிப்பைப் பல தடவை பார்த்துவிட்டேன், காதைக் கொடுத்தும் கேட்டுவிட்டேன். பிடி கிடைக்கவில்லை.

அந்த வருஷம் ஆடித்தபசுக்குத் தங்கை புருஷனோடு வந்து இறங்கினாள். வீடே கலகலவென்று இருந்தது. சாயங்காலம் நான் தறியில் நின்றேன். பூக்காரி வந்த குரல் கேட்டது. அம்மா வாசலுக்குப் போனாள்.

"ஒரு முழம் கூடப் போடு தாயி. சின்னவ வந்திருக்கா."

"மூத்த அக்காவுக்கு?" என்றாள் பூக்காரி.

"மூத்தவளுக்கு எப்பவும் போல."